சூடு தெரியாத கால்கள்: அறநிலையத் துறைக்கு ஒரு திறந்த மடல்

இந்து சமய அறநிலையத் துறை அதிகாரிகளுக்கும் திருக்கோயில் செயல் அலுவலர்களுக்கும் வணக்கம்.

சித்திரை வெயிலில் பிராகாரக் கருங்கல்லில் கால் வைத்தால் நிழல் தேடி ஓடுவோம். அந்த ஓட்டம்தான் பாதத்தைக் காப்பாற்றுகிறது. ஆனால் பல வருடம் சர்க்கரை நோயோடு வாழ்கிறவர்களில் பலர் ஓடமாட்டார்கள். சுடுவது அவர்களுக்குத் தெரியாது. கூடிய சர்க்கரை நரம்புகளையும் அவற்றுக்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் கெடுக்கிறது. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால் பாதம்தான் முதலில் மரத்துப்போகிறது.

என் பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆனது. ஒரு கோடையில், உச்சி வேளையில் எல்லாரும் குதித்தோட, அவர் மட்டும் கைகூப்பியபடி நிதானமாக வெளிப் பிராகாரத்தைச் சுற்றி வந்தார். “என்ன பக்தி!” என்றார் பக்கத்தில் நின்றவர். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தால் தரையெல்லாம் ஈரக் கால்தடம். உள்ளங்கால் கொப்புளித்து, உடைந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது. வலிக்கவே இல்லை என்றார். சர்க்கரை உள்ள காலில் இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் சட்டென்று ஆறாது. கிருமி தொற்றி எலும்பு வரை போய்விடும். பெரியம்மாவுக்கு ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 14 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உங்கள் தரிசன வரிசையிலும் இவர்கள் நிற்கிறார்கள்.

பல கோயில்களில் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறீர்கள், நார் விரிப்பு போடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் விரிப்பு பாதிச் சுற்றிலேயே நின்றுவிடுகிறது. காலையில் நனைத்தது பதினோரு மணிக்கெல்லாம் காய்ந்து அதுவே சுடுகிறது. செருப்பு வைக்குமிடத்திலிருந்து கோபுர வாசல் வரை உள்ள தார் ரோட்டை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அங்கிருந்தே விரிப்பு தொடங்க வேண்டும், மணிக்கொரு தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

அப்புறம், காலுறை. தடித்த பருத்திக் காலுறை முழுப் பாதுகாப்பு இல்லைதான். வெறுங்காலுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் சில வாசல்களில் அதையும் கழற்றச் சொல்கிறார்கள். அது தோலும் இல்லை, செருப்பும் இல்லை. சர்க்கரை நோயாளிகள் துணிக் காலுறையோடு உள்ளே வரலாம் என்று எல்லாக் கோயில்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். செருப்பு வைக்குமிடத்தில் அதைப் பலகையாகவும் எழுதி வையுங்கள். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் இதைச் செய்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஒரு பக்தை