தாமதம் போகட்டும், காரணத்தையாவது சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

2023 ஜூலை 24 அன்று எல்ஸ்மியர் நிலையத்துக்கு அருகே ரயில் தடம் புரண்டதோடு, 1985 முதல் ஓடிய ரொறன்ரோவின் ஸ்காபரோ மூன்றாம் ரயில் பாதை அப்படியே மூடப்பட்டது, அன்றிலிருந்து எங்களுக்கு பஸ்தான். சரி, பழைய ரயில், விட்டுவிடலாம். ஆனால் கென்னடி நிலையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிப்போய் இரண்டாம் பாதைச் சுரங்க ரயிலைப் பிடித்தால் அது சுரங்கத்துக்குள் பாதி வழியில் நின்றுவிடுகிறது. சிக்னல் கோளாறு என்று ஒலிபெருக்கி ஏதோ கரகரக்கும், எவ்வளவு நேரமாகும், இறங்கி வேறு வழி பார்ப்பதா என்று ஒரு சொல் வராது. மேடையில் இருக்கும் திரையில் விளம்பரம் மட்டும் தடங்கலே இல்லாமல் ஓடும்!

ரயில் நின்றுபோனால் விடும் மாற்று பஸ் எந்த வாசலில் நிற்கிறது என்பதை ஜனவரிக் குளிரில் ஆளாளுக்குக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலம் அவ்வளவாக வராத எங்கள் அம்மம்மாமார் கூட்டம் போகும் பக்கமே போகிறார்கள். மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவருக்கு அரை மணி தாமதம் என்றால் அன்றைய கூலியில் வெட்டு, அப்புறம் மேலாளரின் முறைப்பு வேறு.

ஷெப்பர்ட், மக்கோவன் சாலைகளின் சந்திவரை சுரங்கப் பாதையை நீட்டும் வேலை நடக்கிறது, வரட்டும். அதுவரை மாற்று பஸ் நிற்குமிடத்தில் வழி சொல்ல ஓர் ஆளை நிறுத்த என்ன செலவாகிவிடும்?

ஒரு பயணி,
ஸ்காபரோ, ரொறன்ரோ