கடல் சிங்கத்தின் தும்மல்

மான்டரே, கலிபோர்னியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். நம் ஆடு கருப்பி ஓயாமல் தும்முகிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் சிரித்துவிட்டேன். இங்கே எனக்கும் அதே பாடுதான்.

கரையொதுங்கும் கடல் சிங்கங்களைப் பராமரிக்கும் வேலை என்று சொன்னபோது, “நாய்க்குச் சோறு வைக்கிற மாதிரியா?” என்று அம்மா கேட்டாள். ஏறக்குறைய அதேதான். இவையும் குரைக்கின்றன, சோற்றுக்குப் பதில் மீன், அவ்வளவுதான். அந்தக் கவிச்சி தலைமுடியை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

போன வாரம் வந்த பெட்டை ஒன்று, கூண்டைக் கழுவும்போது என் மேலேயே தும்மியது. சட்டையில் சளியோடு வெள்ளையாகக் கடுகளவில் ஏதோ ஊர்ந்தது. நம் ஆட்டின் மூக்குப்புழு என்றே நினைத்தேன். மருத்துவர் பார்த்துவிட்டு, புழு இல்லை, உண்ணி வகை என்றார். பெயர் ஆர்த்தோஹலராக்னே அட்டெனுவேட்டா. பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் உண்ணியே ஓடிவிடும்.

ஓடுவது குஞ்சுதான், ஆறு கால். வளர்ந்த எட்டுக்கால் உண்ணி மூக்கின் உட்சதையைக் கவ்விக்கொண்டு இருந்த இடத்திலேயே கிடக்கும். இதன் சின்ன உறவு ஒன்று நுரையீரலுக்கே போய்க் குடியிருக்கிறது. கடலில் வாழும் விலங்கின் உடம்பில் இருந்தாலும் இவற்றுக்கு நீந்தத் தெரியாது. கடல் சிங்கம் மூக்கை மூடிக்கொண்டு முங்கும்போது இவையும் உள்ளேயே இருந்துவிடுகின்றன. பாறையில் மூக்கோடு மூக்கு உரசிப் படுக்கும்போதும் தும்மும்போதும்தான் அடுத்ததற்குத் தாவுகின்றன. நாலைந்து இருந்தால் பெரிய தொல்லை இல்லை. பெருகிவிட்டால் சளி அடைத்து, இருமி, மூச்சுக்குத் தவிக்கும். மெலிந்து வந்தவற்றைத்தான் அது அதிகம் வாட்டுகிறது.

அம்மாவிடம் இதைச் சொல்லாதீர்கள்: கடல் விலங்குக் காட்சியகத்துக்குப் போய்வந்த ஒருவரின் கண்ணில் இந்த உண்ணி ஒட்டியிருந்ததாக 1985-இல் ஒரு மருத்துவக் குறிப்பு வந்திருக்கிறது. அதைக் கேட்ட நாளிலிருந்து கண்ணாடி போடாமல் கூண்டுப் பக்கம் போவதில்லை.

அந்தப் பெட்டைக்கு என்ன மருந்து போட்டார்கள் தெரியுமா? ஐவர்மெக்டின். ஆட்டு மூக்குப்புழுவுக்கும் அதுதான். கருப்பியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், எடை பார்த்து அளவு சொல்வார். வேப்பிலைப் புகை போட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பணம் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்