நம் சபைப் பிள்ளைகள் இருவர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஸ்தோத்திரம். வீட்டில் எல்லோரும் சுகம். தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்ததா? மஞ்சள் இந்த முறை பரவாயில்லை, வேகவைத்துக் களத்தில் காய்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே நீ பெட்ரோமாக்ஸ் கதைக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

சபையில் மணியடித்த நம் கோயில்பிள்ளையின் பேத்திக்குக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சிறந்த நாட்டு நலப்பணித் திட்டத் தொண்டர் என்று விருது கொடுத்திருக்கிறார்கள். அதே மேடையில் நம் ஆர்மோனியக்காரருக்கும் பொன்னாடை! நம்பு. அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்ததற்கான வழக்கமான மரியாதை என்று நினைத்துவிடாதே. படிவம் நிரப்பத் தெரியாமல் வந்து நிற்கும் கிராமத்துப் பிள்ளைகளை இத்தனை வருடமாக உட்கார வைத்து எழுதிக் கொடுத்தாரே, அதற்கு. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். எந்த அலுவலகம், எந்தக் காகிதம் என்று சொல்ல ஆள் இல்லாமல் எத்தனையோ பேர் அதை விட்டுவிடுகிறார்கள். இவர் சாப்பாட்டு நேரத்தில் இந்த வேலையைச் செய்தார். அவரைப் பற்றிப் பேசிய மாணவன் பாதியில் தொண்டை அடைத்து நின்றுவிட்டான். நம் ஆளோ, பல்லவி தவறிப் பாடிவிட்டவர்போலத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். உனக்குத்தான் தெரியுமே அவர் சுபாவம்.

பெண்ணின் அப்பாவை நான்தான் கோபி பஸ்ஸில் அழைத்துப்போனேன். விசைத்தறியில் வயதைக் கழித்த காது. மகளின் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. கையைப் பிடித்து அழுத்தி மேடையைக் காட்டினேன். எழுந்து நின்றவர் எல்லோரும் உட்கார்ந்த பிறகும் உட்காரவே இல்லை. அவள் சட்டையில் அந்தத் திட்டத்தின் சின்னம் குத்தியிருந்தது. கோனார்க் சூரியன் கோயில் தேர்ச்சக்கரத்தைப் பார்த்து வரைந்தது. அதிலுள்ள எட்டு ஆரங்கள் நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தைக் குறிக்குமாம். காந்தி நூற்றாண்டு வருடமான 1969-இல் ஆரம்பித்த திட்டம் அது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும், ஏழு நாள் முகாமிலும் தங்க வேண்டும் என்று அவள் அப்பாவுக்குச் சத்தமாக விளக்கிக்கொண்டிருந்தாள்.

விருதுக்குக் காரணமாக மேடையில் வாசித்ததைக் கேள். அந்தக் கல்லூரியில் இறுதியாண்டுப் பிள்ளைகள் கிராமத்தில் தங்கிப் படிக்க வேண்டும். ஊராரைக் கூட்டி ஊர் வரைபடம் போட வேண்டும். மற்றப் பிள்ளைகள் தாங்களே கோலப்பொடியை எடுத்துக் களத்தில் வரைந்து முடித்துவிடுவார்களாம். இவள் பொடிக் கிண்ணத்தை அங்கிருந்த ஆத்தாமார் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு பாட்டி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்காலை இழுத்தார். இன்னொருவர், கீழ்த்தெருவில் தண்ணீர் வராத அடிபம்பு ஒன்றைப் புள்ளி வைத்துக் காட்டினார். அதன் பிறகு அவர்கள் வாயை மூட முடியவில்லையாம். அந்தப் படத்தைத் தாளில் எடுத்து எழுதி, அதே பெண்களை முன்னால் விட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். அடிபம்பு சரியாகிவிட்டது.

இதை அவள் எங்கே கற்றாள் என்று நீயே சொல். காணிக்கையாக வந்த சேவலையும் காய்கறியையும் ஏலம் விடுவோமே, நம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில்தான். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும்போதே ஏல நோட்டை அவளிடம் கொடுத்தோம். பாட்டுச் சத்தத்திலும் உற்சாகத்திலும் ஒரு சேவலுக்கு மனிதன் கையிலில்லாத பணத்தைக் கேட்டுவிடுவான், மறுநாள் முகத்தை மறைத்துக்கொண்டு திரிவான். முன்பெல்லாம் பாக்கிப் பட்டியலை ஆராதனை முடிவில் வாசிப்போமே, அதனாலேயே இரண்டு குடும்பங்கள் சபையை விட்டுப் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். இவள் வந்த வருடம் வாசிப்பதை நிறுத்தினாள். வீடு வீடாகப் போய், பேச்சோடு பேச்சாக, ஐம்பதும் நூறுமாக வாங்கி வரவு வைத்தாள். யார் பெயரும் வெளியே வரவில்லை. பணமும் பாக்கி நிற்கவில்லை.

மாப்பிள்ளை, என் மனதை அறுப்பது இனிமேல்தான். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரையும் முன்னால் அழைத்தோம். மாலை, பொன்னாடை, கைதட்டல், போட்டோ. ஆளுக்கொரு ஜெபம். பிறகு கமிட்டி அறைக்குப் போய் அடுத்த சபைக் கமிட்டித் தேர்தலுக்கு யார் யார் என்று பேசினார்கள். அவள் பெயரை நான் சொன்னேன். அறையில் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணமாகிப் போய்விடுவாள் என்றார். இன்னொருவர், முதலில் வேலையில் அமரட்டும் என்றார். பெரியவர்களை மரியாதை இல்லாமல் பேசக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் வெவ்வேறு மரபுச் சபைகள் ஒன்றாகச் சேர்ந்து உருவானது நம் தென்னிந்தியத் திருச்சபை. பழைய லண்டன் மிஷன் சபையார் அதில் சேர்ந்ததை நம் தாத்தாக்கள் எவ்வளவு பெருமையாகச் சொல்வார்கள். அந்தத் திருச்சபை 2013-இல் புஷ்பலலிதா அம்மையாரை நந்தியால் பேராயராக ஏற்றுக்கொண்டது. பெண் பேராயராகலாம், நம் ஊர்க் கமிட்டியில் ஒரு நாற்காலியில் உட்காரக் கூடாதா? கல்யாணமானால் போய்விடுவாள் என்கிறவர்களின் மகன்கள் எல்லோரும் எங்கே இருக்கிறார்கள்? பெங்களூரிலும் துபாயிலும். பஜனைக்குப் பிள்ளைகள் இல்லை. ஞாயிறு பள்ளியில் மூன்று வகுப்பை ஒன்றாக்கிவிட்டோம். இப்போது இவளையும் கைதட்டி அனுப்பிவிட்டு, பத்து வருடம் கழித்துச் சபை ஏன் காலியாகிவிட்டது என்று உபவாச ஜெபம் வைப்போமா? எனக்குத் தூக்கமே வருவதில்லை.

ஆர்மோனியக்காரரைப் பிடித்துக் கேட்டேன். தேர்தலில் நிற்க அவருக்கு விருப்பமில்லை. ஆனால் அவள் பெயரை முன்மொழிகிறேன் என்று உடனே சொல்லிவிட்டார். ஆச்சரியமாக இருந்தது. கூட்டத்தில் அவர் வாய் திறந்து நீயும் நானும் கேட்டதுண்டா?

வழிமொழிய நான் இருக்கிறேன். ஆனால் கீழ்வளவுக்காரர்களின் ஓட்டு உன் மைத்துனர் பேச்சுக்குத்தான் அசையும். அவர் கெட்டவர் இல்லை, யாராவது முதலில் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருப்பவர். என் பேச்சை அவர் கேட்க மாட்டார், அந்த ஆர்மோனியப் பெட்டி விவகாரம் இன்னும் அவர் மனதில் இருக்கிறது. நீ பேசு. ஏல நோட்டைச் சொல்லிப் பேசு. அவர் தம்பியின் பாக்கியும் அந்த நோட்டில் சத்தமில்லாமல்தான் தீர்ந்தது.

பெண்ணிடம் நானே கேட்டுவிட்டேன். சம்மதம்தான். ஆனால் தன் தாத்தா மணியடித்த சபையில் தனக்காகச் சண்டை வேண்டாம் என்கிறாள். அதனால் பக்குவமாகப் பேசு, உன் வழக்கமான சத்தம் வேண்டாம்.

வேட்புமனுவுக்கு மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மைத்துனரிடம் பேசிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே எனக்குப் போன் செய்.

அன்புடன்,
உன் மச்சான்