சர்வர் பூட் ஆகவில்லை என்ற புகார் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கோவை, திருப்பூர் வட்டாரத் தொழில் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சில நாள்களாக எங்கள் கடையைப் பற்றி ஒரு செய்தி சுற்றி வருவது உங்களில் பலருக்குத் தெரியும். "நன்றாக ஓடிக்கொண்டிருந்த சர்வரை ஓ.எஸ். போடக் கொடுத்தோம், திரும்பக் கொண்டுவந்து வைத்தால் பூட் ஆகவில்லை, போர்டையே கெடுத்துவிட்டார்கள்" என்பது அதன் சாரம். (ஓ.எஸ். என்பது இயந்திரத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள்; அது எழுந்து ஓடத் தொடங்குவதே பூட் ஆவது; போர்டு என்பது எல்லாவற்றையும் இணைக்கும் தாய்ப் பலகை.) சிலர் நேரில் வந்து கேட்டீர்கள், சிலர் போனில் கேட்டீர்கள், கேட்கத் தயங்கி மனத்தில் வைத்திருப்பவர்களும் இருக்கலாம். ஆளுக்கு ஆள் சொல்வதில் ஒன்று கூடும், ஒன்று குறையும் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதிவிடுவதே முறை என்று நினைக்கிறோம். அந்த வாடிக்கையாளரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர் இன்றும் எங்களுக்கு வேண்டியவர்தான்.

அவருடைய நிறுவனத்தில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருந்த டவர் சர்வரில் விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 இருந்தது. அந்தப் பதிப்புக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2023 அக்டோபர் 10-உடன் நிறுத்திவிட்டதால், 2022 பதிப்புக்கு மாறுவது என்றும், இடம் போதாமல் இருந்த இரண்டு 1 டெராபைட் வட்டுகளை எடுத்துவிட்டு இரண்டு 4 டெராபைட் வட்டுகளை ரெய்ட் கார்டில் (பல வட்டுகளைச் சேர்த்து நிர்வகிக்கும் அட்டை) மிரராக, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் பதியும்படி, அமைப்பது என்றும் முடிவாயிற்று. வேலை முடிந்து இரவு முழுக்க எங்கள் மேசையில் ஓடிய பிறகு, மறுநாள் காலை அவர்களுடைய கணக்காளர் முன்னிலையில் அணைத்துப் போட்டுக் காட்டித்தான் ஒப்படைத்தோம். சர்வரைத் திறந்தபோது கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய் ஜனவரி 1 என்று காட்டியதையும், உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருப்பதால் மாற்ற வேண்டும் என்பதையும் ஜாப் கார்டில் எழுதியிருந்தோம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்கள் தரப்பில் சொல்லப்பட்டது.

ஒயரைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, கம்பெனியில் இறக்கிப் போட்டதும் திரையில் "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்திருக்கிறது. ஜிஎஸ்டி 3பி என்ற மாத வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய 20-ஆம் தேதி நெருங்கிக்கொண்டிருந்த நேரம். அந்த நெருக்கடியில் முதலாளிக்குக் கோபம் வந்ததை நாங்கள் குறை சொல்லவே மாட்டோம். அருகில் இருந்த வேறொரு டெக்னீஷியனை அழைத்துக் காட்டியபோது, போர்டு போய்விட்டது என்றும், மாற்றுப் போர்டு வரும்வரை வேறு வழியில்லை என்றும், இல்லையென்றால் ரெய்டை அழித்துவிட்டு முதலிலிருந்து ஓ.எஸ். போட்டுப் பார்க்கலாம் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். குழுவில் செய்தி போடப்பட்டது அந்த நேரத்தில்தான்.

உண்மையில் நடந்தது இது. சிஆர்2032 என்ற 3 வோல்ட் பேட்டரி, கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைப்பது, மின்சாரம் இல்லாத நேரத்தில் சர்வரின் கடிகாரத்தையும் அடிப்படை அமைப்புகளையும் காப்பது. அது தீர்ந்துவிட்ட பல இயந்திரங்களில் பவர் ஒயர் சொருகியிருக்கும்வரை எந்தக் குறையும் தெரியாது. ஒயரைக் கழற்றிய பிறகுதான் நாம் வைத்த அமைப்புகள் அழிந்து, இயந்திரம் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த நிலைக்குப் போகும். இந்தச் சர்வரில் அந்த நிலை 'லெகசி' என்ற பழைய பூட் முறை. நாங்கள் விண்டோஸ் போட்டிருந்தது யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில். வட்டு நன்றாக இருந்தது, போர்டும் நன்றாக இருந்தது. பூட் செய்யும் முறையில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

முன்பு லெகசியில்தானே ஓடியது, அதை ஏன் மாற்றினீர்கள் என்ற கேள்விதான் எங்களை அதிகம் வருத்துகிறது. ஏதோ பழக்கமில்லாத வேலையை அவர்களுடைய இயந்திரத்தில் செய்து பார்த்தோம் என்பதுபோல அது பேசப்படுகிறது. லெகசி முறை நம்பியிருக்கும் எம்பிஆர் என்ற பிரிவு அட்டவணை (வட்டின் இடம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு) 1983-இல் டாஸ் 2.0 காலத்தில் வந்தது. வட்டின் இடத்தை 32 பிட் எண்ணால் எண்ணுவதால் சுமார் 429 கோடி துண்டுகள்வரைதான் அதனால் குறிக்க முடியும். துண்டுக்கு 512 பைட் என்றால் 2 டெராபைட்டோடு எல்லை முடிந்துவிடும். 4 டெராபைட் மிரர் வால்யூமை (ரெய்ட் கார்டு ஒரே வட்டுபோலக் காட்டும் இடத்தை) அப்படி அமைத்தால் பாதி இடம் கண்ணுக்கே தெரியாது. முழு இடமும் வேண்டுமென்றால் ஜிபிடி என்ற புதிய வகை அட்டவணை வேண்டும். ஜிபிடி வட்டிலிருந்து விண்டோஸ் பூட் ஆக யுஇஎஃப்ஐ கட்டாயம். ரெய்ட் கார்டில் ஓ.எஸ்.ஸுக்கென்று ஒரு சிறிய வால்யூமைத் தனியாக வெட்டிவிட்டு லெகசியிலேயே தொடர்வதும் ஒரு வழிதான், பழைய இயந்திரங்களில் நாங்களும் அதைச் செய்கிறோம். ஆனால் யுஇஎஃப்ஐ வசதி உள்ள சர்வரில் 2022 பதிப்பைப் போடும்போது அப்படிப் பின்னோக்கிப் போவது சரியல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. அன்று செய்தது சரியான வேலை. நாளை அதே சர்வர் வந்தாலும் அப்படித்தான் செய்வோம்.

லெகசி முறையில் இயந்திரம் வட்டின் முதல் 512 பைட்டைப் படித்து அங்கிருந்து தொடர்கிறது. யுஇஎஃப்ஐ அங்குள்ள பூட் நிரலை இயக்குவதே இல்லை; ஃபேட்32 என்ற கோப்பு வடிவிலுள்ள ஒரு சிறு பகுதியில் பூட் கோப்பைத் தேடுகிறது, எந்தக் கோப்பு என்ற குறிப்பைப் போர்டின் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. போர்டை மாற்றினால் அந்தக் குறிப்பு பழைய போர்டோடு போய்விடும். வட்டு பழுதில்லாமல் இருந்தும் லினக்ஸ் ஓ.எஸ். எழாமல் நிற்பதற்குப் பல நேரங்களில் இதுவே காரணம். ஆகவே போர்டு போய்விட்டது என்று அன்று மாற்றியிருந்தால், செலவுக்குச் செலவும் ஆகி, சர்வர் அதே இடத்தில்தான் நின்றிருக்கக்கூடும். ஓ.எஸ். நிறுவுவது என்பது வட்டில் எழுதும் வேலை, கூடவே அந்தச் சிறு குறிப்பு. போர்டை எரிக்கும் வேலை அதில் எதுவும் இல்லை.

தாமாகவே ஓ.எஸ். போட்டுக்கொள்ளும் வாடிக்கையாளர்களும் நம்மிடம் பலர் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென்டிரைவ் இரண்டு வரிகளில் தெரியும்: ஒன்று வெறும் பெயராக, மற்றொன்று பெயருக்கு முன்னால் யுஇஎஃப்ஐ என்ற சொல்லோடு. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் மேலே இருப்பதை அழுத்திவிடுகிறோம். எந்த வரியில் நுழைகிறோமோ அந்த முறையில்தான் ஓ.எஸ். தன்னை நிறுவிக்கொள்ளும், நிறுவல் பல நேரங்களில் எந்தப் பிழையும் காட்டாமல் நூறு சதவீதம் முடியும், ரீஸ்டார்ட் ஆன பிறகுதான் குட்டு வெளிப்படும். லினக்ஸை லெகசி முறையில் போடும்போது, கிரப் என்ற பூட் லோடர் வட்டுக்குப் பதிலாகப் பென்டிரைவிலேயே போய் உட்கார்ந்துவிடுவதும் உண்டு. பென்டிரைவ் இருக்கும்வரை சர்வர் எழும், அதைப் பிடுங்கியதும் எழாது. விண்டோஸும் இரண்டு வட்டுகள் இருந்தால் தன்னை ஒன்றிலும் பூட் பகுதியை மற்றொன்றிலும் வைத்துவிடக்கூடும் என்பதால், நிறுவும்போது தேவையில்லாத வட்டைக் கழற்றி வைப்பதே எங்கள் வழக்கம்.

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸ் பதிப்பின் ஆதரவு 2024 ஜூன் 30-உடன் முடிந்ததால் பலர் ஆல்மா, ராக்கி போன்ற லினக்ஸ் வகைகளுக்கு மாறி வருகிறீர்கள். இவற்றுக்கு மூலமான ரெட் ஹேட் லினக்ஸின் 8-ஆம் பதிப்பிலிருந்தே பல பழைய ரெய்ட் கார்டுகளுக்கான டிரைவர்கள் (கார்டோடு பேசும் மென்பொருள்கள்) நீக்கப்பட்டுவிட்டன. அப்படிப்பட்ட கார்டு உள்ள சர்வரில் புதிய கெர்னலுக்கு (ஓ.எஸ்.ஸின் மையப் பகுதிக்கு) வட்டே தெரியாமல் அவசரநிலைத் திரையில் போய் நிற்கும். 2025-இல் வந்த 10-ஆம் பதிப்போ ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதி உள்ள புராசஸரைக் கட்டாயமாகக் கேட்கிறது. இன்டெல் ஸியான் இ5 வரிசையின் முதல் இரண்டு தலைமுறைகளில் அது கிடையாது. ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்கும்) சந்தையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் அவைதாம் என்பதால், வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆல்மா மட்டும் அந்தப் பழைய புராசஸர்களுக்கென்று 10-ஆம் பதிப்பைத் தனியாக வெளியிடுகிறது.

இவ்வளவையும் எழுதியது ஒரு வேண்டுகோளுக்காக. சர்வர் எழவில்லை என்றால் யார் என்ன சொன்னாலும் ரெய்டைத் தொட விடாதீர்கள். வட்டுகளை வேறு கார்டுக்கு மாற்றினாலோ, கழற்றிச் சொருகினாலோ 'ஃபாரின் கான்ஃபிகரேஷன்' இருப்பதாகத் திரையில் வரலாம். வட்டில் எழுதப்பட்டிருக்கும் ரெய்ட் அமைப்பு கார்டுக்குப் புதிதாகத் தெரிகிறது என்பதே அதன் பொருள். அங்கே 'இம்போர்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் எல்லாம் திரும்ப வந்துவிடும். 'கிளியர்' கொடுத்துப் புதிய வால்யூம் உண்டாக்கி 'இனிஷியலைஸ்' செய்தால் பல ஆண்டுக் கணக்கு சில நொடிகளில் போய்விடும். பூட் ஆகாத சர்வரைச் சரிசெய்துவிடலாம், அழித்த கணக்கை மீட்பது அரிது. எந்த வட்டை எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்பதை எழுதி வைக்காமல் ஒன்றையும் கழற்ற வேண்டாம். அதிக மெமரி உள்ள சர்வர்கள் போட்டவுடன் தம்மைச் சோதித்துக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கும், அதுவரை திரை இருட்டாகவே இருக்கலாம். பொறுமையிழந்து பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கவும் வேண்டாம்.

அன்றைக்கு அந்த நிறுவனத்தின் கணக்காளர் சகோதரி, "அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ரெய்டை அழிக்க விடமாட்டேன்" என்று உறுதியாக நின்று எங்களுக்கு போன் செய்தார். அன்று மாலையே போனோம். பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தி, பூட் முறையை யுஇஎஃப்ஐக்குத் திருப்பினோம்; ரெய்ட் அமைப்பு கார்டிலும் வட்டுகளிலும் அப்படியே இருந்ததால் விண்டோஸ் எழுந்தது, டேலி திறந்தது, ஒரு வவுச்சர்கூடக் குறையவில்லை. 3பி-யும் உரிய நாளில் போயிற்று. போர்டு போய்விட்டது என்ற செய்தி பரவிய அளவுக்குச் சர்வர் ஓடுகிறது என்ற செய்தி பரவவில்லை என்பதுதான் எங்கள் வருத்தம். அந்த முதலாளியும் பிறகு பெருந்தன்மையோடு பேசினார். பரவிய செய்தி அவர் கையை விட்டுப் போய்விட்டது.

இந்த நாள்களில் "என்ன நடந்தது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு, தங்கள் வேலையை முன்போலவே எங்களிடம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. குழுக்களில் எங்களுக்காக நாலு வார்த்தை பேசிய விசைத்தறி, பனியன் கம்பெனி நண்பர்களையும், எங்களைக் கேட்காமலேயே ஆயுத பூஜைக்கு முன் இரண்டு சர்வர் வேலைகளை அனுப்பிவைத்த பம்ப் தொழிற்சாலை அண்ணனையும் மறக்க மாட்டோம். சிறிய கடை இது. நீங்கள் இருப்பதால்தான் நடக்கிறது.

இனி எந்தச் சர்வர் எங்களிடம் வந்தாலும் பேட்டரியை மாற்றித்தான் கொடுப்போம், அதற்குத் தனியாகப் பணம் வாங்கமாட்டோம். பூட் முறை, அட்டவணை வகை, ரெய்ட் அமைப்பு, வட்டுகளின் வரிசை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி சர்வரின் பக்கவாட்டில் ஒட்டிவிடுவோம். நாளை வேறு யார் வந்து பார்த்தாலும் அவருக்கும் அது உதவும். எங்களிடம் நெடுநாள் இருந்த தம்பி பெங்களூருவில் ஒரு டேட்டா சென்டர் வேலைக்குப் போய்விட்டதால், அடுத்த மாதம் முதல் நேரில் வருவது செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் மட்டும். வருகைக் கட்டணமும் சற்றுக் கூடும்.

சர்வர் எழாமல் நின்றால், எந்த விசையையும் அழுத்துவதற்கு முன் திரையில் இருக்கும் எழுத்துகள் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து, ஜாப் கார்டு எண்ணோடு எங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். பாதி வேலை அந்தப் படத்திலேயே முடிந்துவிடும். இரவு ஒன்பது மணிவரை பதில் சொல்ல ஆள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளரும் ஊழியர்களும்,
கோயம்புத்தூர்