ஸ்லிங்ஷாட் கட்டிய ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நாம் போட்ட பெரிய தீர்மானம் ஒன்றே ஒன்றுதான்: பேசியது போதும், நம் கையாலேயே ஒரு பழைய பாணி டிராக் கார், அதாவது நேரான குறுந்தூரத்தை யார் முதலில் கடப்பது என்று இரண்டிரண்டாக ஓடும் பந்தயத்துக்கான கார், கட்டுவோம் என்பது. இந்த ஆண்டு அதைக் கட்டி முடித்தோம், ஓட்டிப் பார்த்தோம், பந்தயத்திலும் இறக்கினோம். அதனால் இந்த அறிக்கையின் பெரும்பகுதி அந்தக் காரைப் பற்றியதாகவே இருக்கும். மற்ற அலுவல்களைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எந்த வகைக் கார் என்பதில்தான் முதலில் நேரம் போனது. முன்புறம் உயர்ந்து நிற்கும் கேஸர் வேண்டும் என்றார்கள் சிலர். ஃபோர்டு மாடல் டி உடலைக் குட்டையான சட்டத்தின் மேல் வைக்கும் ஆல்டர்டு போதும் என்றார்கள் வேறு சிலர். கடைசியில் பெரும்பான்மையோர் கேட்டது ஸ்லிங்ஷாட். இஞ்சின் முன்னால், பின் ஆக்சில் நடுவில், அதற்கும் பின்னால் ஓட்டுநர், அவர் கால்களுக்கு இடையே கியர்பாக்ஸ். 1954-ல் மிக்கி தாம்சன் கட்டிய காரிலிருந்து இந்த அமைப்பு பரவியதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து டயர்களுக்குப் பிடிப்பு குறைவு. ஓட்டுநரையே பின் சக்கரத்துக்குப் பின்னால் உட்கார வைத்தால் எடை முழுவதும் பின்னால் இறங்கும், சக்கரம் வழுக்காமல் தரையைப் பிடிக்கும். அந்த எளிய கணக்கில் பிறந்த வடிவம் அது. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் டிராக் பந்தயம் என்றாலே அந்த நீண்ட, ஒல்லியான உருவம்தான் கண்ணில் நின்றது. எனக்கும் அதன்மேல்தான் ஆசை. அதை இங்கே மறைக்கவில்லை.

ஆனால் அந்தக் கூட்டத்தில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து 1970 மார்ச் 8-ஆம் தேதி நடந்ததை நினைவுபடுத்தினார். கலிபோர்னியாவின் லயன்ஸ் ஓடுதளத்தில் டான் கார்லிட்ஸ் ஓட்டிய ஸ்லிங்ஷாட்டின் கியர்பாக்ஸ் புறப்படும்போதே வெடித்தது. கார் இரண்டாகப் பிளந்தது. கார்லிட்ஸ் வலது பாதத்தின் ஒரு பகுதியை இழந்தார். அவர் மருத்துவமனைப் படுக்கையிலேயே யோசிக்கத் தொடங்கி, இஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த காரோடு 1971-ல் திரும்பி வந்தார். அந்த ஆண்டே பொமோனாவில் வின்டர்நேஷனல்ஸ் போட்டியை வென்றார். அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் முன்னணி வரிசையிலிருந்து ஸ்லிங்ஷாட் மறைந்தே போனது. “நீங்கள் கட்டப்போவது எந்தக் காரணத்துக்காகக் கைவிடப்பட்டதோ, அந்தக் காரணத்துக்கு முதலில் பதில் சொல்லுங்கள்” என்றார் அவர். சரியான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் நம் இரண்டாவது தீர்மானம் வந்தது: வெளித்தோற்றம் 1960-ஆம் ஆண்டுடையதாக இருக்கலாம், ஓட்டுநர் உட்காரும் கூடு இன்றைய விதிப்படிதான் இருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் எந்தச் சச்சரவு வந்தாலும் இந்த ஒரு வரியை வைத்துத்தான் தீர்த்தோம்.

சட்டத்துக்கு 4130 குரோமோலி என்ற கலப்பு எஃகுக் குழாய் எடுத்தோம். இதைக் கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங்கில் ஒட்டக் கூடாது, டங்ஸ்டன் முனையால் உருக்கும் டிக் வெல்டிங்தான் செய்ய வேண்டும் என்பது அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதி. நம் சங்கத்தில் டிக் கை நன்றாக வந்தவர் ஒருவர்தான். நாம் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிற அவர், முதல் சில வாரங்கள் காரின் பக்கமே வரவில்லை. வெட்டித் துண்டுகளை ஒட்டிக்கொண்டே இருந்தார், இளைஞர்களையும் ஒட்ட வைத்தார். ஒட்டிய துண்டுகளை அறுத்து உள்ளே எவ்வளவு ஆழம் உருகியிருக்கிறது என்று காட்டினார். ஒரு குழாயின் முனையை இன்னொரு குழாயின் வளைவுக்கு ஏற்ப அரவி, விளக்கு வெளிச்சம் உள்ளே தெரியாத அளவுக்குப் பொருத்திய பிறகுதான் வெல்டிங் டார்ச்சைத் தொட விட்டார். முதலில் சட்டம் முழுவதையும் புள்ளி வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என மாறி மாறி ஒட்ட வேண்டும், ஒரே பக்கமாகச் சூடேற்றினால் சட்டம் கோணிக்கொள்ளும் என்பதை நம் பட்டறையில் இன்று சின்னப் பையன்கூடச் சொல்வான். இந்த ஆண்டு சங்கத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய சொத்து காரைவிட இந்தத் தேர்ச்சிதான் என்பது என் கருத்து.

ஒட்டுகளைத் தேய்த்து வழவழப்பாக்கி, கண்ணாடிபோல் பெயிண்ட் அடிக்கலாமே என்று ஓர் ஆசை எழுந்தது. அது நடக்காது. தேய்த்தால் ஒட்டின் பருமன் குறையும், பரிசோதகருக்கும் உண்மையான ஒட்டு தெரியாது, அதனால் விதியே அதைத் தடுக்கிறது. பெயிண்டுக்கு அடியில் அண்ணனின் ஒட்டு வரிவரியாகத் தெரிவது எனக்கு அழகாகத்தான் படுகிறது.

முன், பின் சக்கர இடைவெளி 170 அங்குலம், அதாவது சுமார் 4.3 மீட்டர். ஐம்பதுகளின் கார்கள் இதைவிடக் குட்டையானவை, சற்றே அசைந்தாலும் நேர்கோட்டை விட்டு விலகும். நீளம் கூடக் கூட நேராக ஓடும். பின்னால் ஸ்பிரிங் கிடையாது, ஆக்சில் நேராகச் சட்டத்தோடு சேர்ந்தது. அதனால் டயரின் மடிந்து கொடுக்கும் பக்கச் சுவர்தான் ஸ்பிரிங் வேலையையும் பார்க்கிறது. முன்னால் ஆரக்கால் வைத்த மெல்லிய சக்கரங்கள். மூக்கின் அலுமினியத் தகட்டை மணல் மூட்டையின் மேல் வைத்துத் தட்டித் தட்டியே வளைத்தார்கள் நம் தகட்டு வேலைக் குழுவினர்.

இஞ்சின் விஷயத்தில் சிலருக்கு வருத்தம் உண்டு. 1957, 58-ல் வந்த கிரைஸ்லர் 392 ஹெமிதான் ஸ்லிங்ஷாட்டுக்குப் பொருத்தம் என்று வாதாடினார்கள். தோற்றத்துக்கு அது பொருத்தம்தான், உதிரிபாகம் கிடைப்பதுதான் கஷ்டம். ஆகவே 350 கன அங்குல ஷெவ்ரலே வி8 எடுத்தோம். 1955-ல் வந்த சின்ன வி8 குடும்பத்தின் பிள்ளைதான் அது. பழைய வால்வு மூடிகளைப் போட்டுவிட்டால் தூரத்திலிருந்து அந்தக் காலத்து ஷெவ்ரலே வி8-க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. கூடவே இரண்டே கியர் உள்ள பவர்கிளைடு தானியங்கி கியர்பாக்ஸ், ஃபோர்டின் ஒன்பது அங்குல ஆக்சில். ஆக்சிலைக் குறுக்கி, டிஃபரன்ஷியலுக்குப் பதிலாக ஸ்பூல் போட்டிருக்கிறோம், இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுழலும். ரேடியேட்டர் இல்லை. பிளாக்கில் நிரப்பிய தண்ணீர் மட்டும்தான். ஒரு ஓட்டத்துக்கு அது போதும். தண்ணீரோடு கூலண்ட் கலக்க மாட்டோம், அது தளத்தில் சிந்தினால் அடுத்து வருகிறவரின் சக்கரம் வழுக்கும்.

இஞ்சினை வேண்டுமென்றே மிதமாக வைத்தோம். இவ்வளவு எடை குறைந்த காரில் 300 குதிரைத்திறனே கால் மைலை, அதாவது 402 மீட்டரை, 10 வினாடிச் சொச்சத்தில் கடந்துவிடும். முதல் ஆண்டுக்கு அது போதும் என்று செயற்குழு முடிவு செய்தது, எனக்கும் அதில் முழு உடன்பாடு.

இனி அந்தக் கூடு. கியர்பாக்ஸுக்கும், அதை இஞ்சினோடு இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட் தட்டுக்கும், பந்தயப் பாதுகாப்புச் சாதனங்களுக்குத் தரம் வகுக்கும் எஸ்எஃப்ஐ அமைப்பின் சான்று பெற்ற கவசம் போட்டிருக்கிறோம். வெடித்தால் துண்டுகள் ஓட்டுநரின் காலுக்கு வராமல் தடுக்க வேண்டியவை அவைதான். தலையைச் சுற்றியுள்ள குழாய்களுக்கு மெத்தை, ஐந்து முனை பெல்ட், தீ தாங்கும் உடை எல்லாம் உண்டு. திறந்த கார் என்பதால் கவிழ்ந்தால் கைகள் வெளியே போகாமல் பிடித்துக்கொள்ளும் பட்டைகளும் உண்டு. பாராசூட்டைப் பற்றி ஒரு விவாதம் நடந்தது. மணிக்கு 150 மைலைத் தாண்டினால்தான் அது கட்டாயம், நம் கார் அந்த வேகத்தைத் தொடவில்லை. அப்படியானால் பழைய படங்களில் உள்ளதுபோல் வெறும் பையை மட்டும் கட்டிவிடலாமா என்ற யோசனை வந்தது. பின் சக்கரத்தில் மட்டும் பிரேக் உள்ள காருக்குப் பொய்ப் பை கட்ட முடியாது என்று நிராகரித்து, நிஜப் பாராசூட்டையே பொருத்தினோம். ஒவ்வொரு முறையும் அதை மடித்துக் கட்டும் வேலை ஓட்டுநருக்கும் தலைவருக்கும் மட்டுமே என்பது தொடர வேண்டும்.

முதல் சோதனை ஓட்டங்களில் சத்தம் நிறைய, வேகம் கொஞ்சம். புறப்படச் சொல்லும் பச்சை விளக்கு விழுந்ததும் டயர்கள் சுழன்றனவே தவிர கார் கிளம்பவில்லை. இஞ்சினில் கை வைக்கலாம், கார்புரேட்டர் மாற்றலாம் என்று ஆளுக்கொரு யோசனை. இந்த ஆண்டு சேர்ந்த தங்கை ஒருவர் ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் காட்டும் சீட்டுகளை எல்லாம் ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். அதைப் பார்த்துவிட்டு, “முதல் 60 அடியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் கார் நன்றாகத்தான் ஓடுகிறது” என்றார். அவர் சொன்னதே சரி. 60 அடியில் ஒரு பத்தில் ஒரு வினாடி மிச்சப்படுத்தினால், கால் மைல் முடிவில் அது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகத் திரும்பி வரும். தொடக்கத்தில் விட்டதை இஞ்சினால் பிறகு மீட்க முடியாது.

அப்புறம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று விதி வைத்துக்கொண்டோம். பின் டயர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 10 பிஎஸ்ஐ-க்கும் கீழே கொண்டு வந்தோம். தண்ணீரில் டயரைச் சுழற்றிச் சூடாக்கும் நேரத்தை ஒரே அளவாக்கினோம். இஞ்சின் பலத்தை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டரை இன்னும் உயர்ந்த சுழற்சியில் பிடிக்கும் ஒன்றுக்கு மாற்றினோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நோட்டில் ஒரு வரி, பக்கத்தில் அன்றைய வெப்பநிலை. இஞ்சினில் ஒரு திருகாணியைக்கூடத் தொடாமலே கார் வேகமாகியது. அந்த நோட்டு இனி சங்கத்தின் அதிகாரப்பூர்வப் பதிவேடு என்று அறிவிக்கிறேன்.

பந்தயத்தில் பிராக்கெட் பிரிவில் கலந்துகொண்டோம். புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். நம் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று நாமே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். மெதுவான காருக்கு முதலில் பச்சை விழும், வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு கழித்து வேகமான காருக்கு விழும். முதலில் கோட்டைத் தொடுபவர் வெற்றி பெறுவார், ஆனால் எழுதிக் கொடுத்ததைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. காரின் கடிகாரம் முன் சக்கரம் ஒளிக்கற்றையை விட்டு நகரும்போதுதான் தொடங்கும், பச்சை விழும்போது அல்ல. ஆகவே வேகமான காரை வைத்துக்கொண்டும் தூங்கித் தோற்கலாம். 1963-ல் வந்த அந்த விளக்குக் கம்பத்தில் மூன்று மஞ்சளும் அரை வினாடிக்கு ஒன்றாக எரியும். கடைசி மஞ்சள் எரியும்போதே கால் அழுந்தத் தொடங்கினால்தான் சரியாக இருக்கும். கையில் கொடியோடு ஒருவர் நடுவில் துள்ளிக் குதித்துப் பந்தயத்தைத் தொடங்கி வைத்த காலம் அதற்கு முந்தையது.

நம் ஓட்டுநர் பகலில் நடந்த சுற்றுகளில் அருமையாகப் புறப்பட்டார். மாலைச் சுற்றில்தான் வெளியேறினோம். வெயில் இறங்கியதும் காற்று குளிர்ந்து அடர்த்தியானது, இஞ்சினுக்கு ஆக்சிஜன் கூடியது, நாம் எழுதிக் கொடுத்ததைவிட கார் வேகமாக ஓடிவிட்டது. எதிராளி பின்னால்தான் வந்தார், இருந்தாலும் வெற்றி அவருக்கே. கட்டி முடித்த முதல் ஆண்டிலேயே கார் தன் கணக்கைவிட அதிகம் ஓடியதில் எனக்கு மகிழ்ச்சிதான். பட்டறையில் தயாரான அந்த நீண்ட மூக்கு கோட்டில் வந்து நின்றதும், வேறு அணிகளின் ஆட்கள் தம் வேலையை விட்டுவிட்டு வேலி ஓரம் வந்து நின்றார்கள். அந்தப் பெருமை நம் எல்லாருக்கும் உரியது.

மற்ற அலுவல்கள்: செயற்குழு ஒழுங்காகக் கூடியது. பட்டறையின் தீயணைப்பான்கள் சோதிக்கப்பட்டன. டிரெய்லரின் பின் விளக்குகள் இன்னும் சரிசெய்யப்படவில்லை, அடுத்த பயணத்துக்கு முன் முடிக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு விஷயங்கள் உங்கள் வாக்குக்கு வருகின்றன. ஒன்று, மெத்தனாலுக்கு மாறலாம் என்ற கோரிக்கை. இஞ்சின் குளுமையாக இருக்கும், பலமும் கூடும். ஆனால் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் பாய வேண்டும், ஓட்டம் முடிந்ததும் குழாய்களைக் கழுவாவிட்டால் அலுமினியம் அரித்துப்போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. உறுப்பினர்கள் அனைவரும் தீப் பயிற்சி முடிக்கும் வரை இதைத் தள்ளிவைக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறேன். இரண்டு, அந்த நோட்டை எழுதும் நம் தங்கையை இரண்டாவது ஓட்டுநராகப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற தீர்மானம். இதை நானே முன்மொழிகிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.

செயலாளர்