அந்த ஆமென்

புளியந்தீவு, மட்டக்களப்பு
12 ஐப்பசி 2025

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான், எண்ணெய் பூசினால் இரண்டு நாளைக்குச் சரி. வாட்ஸ்அப் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் எனக்குக் கதை வராது, உனக்குத் தெரியும். "சாப்பிட்டியா, குளிரா" என்று கேட்டதோடு போன் அம்மாவின் கைக்குப் போய்விடும். எழுதினால் ஆறுதலாகச் சொல்லலாம். தம்பி வரும்போது இதைப் படம் பிடித்து அனுப்புவான். தாளும் தபாலில் வரும்.

டொரொண்டோவில் குளிர் தொடங்கியிருக்கும். வெளியே போகும்போது கையுறை போடு. பஸ்ஸுக்கு நாலு நிமிஷம்தானே என்று வெறுங்கையோடு போகாதே.

ஆவணியில் நீ வீடியோவில் வந்தபோது பின்னால் ஜன்னலோர மூலை தெரிந்தது. உடுப்புக் காயப்போடுகிற ஸ்டாண்ட் ஒன்று நின்றது. புதிதா என்று கேட்டேன். "ஓம் அப்பா, இடம் காணாது" என்றாய். மறுகா நான் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ சமையலறையில் நின்றுதான் கதைக்கிறாய். போன மாதம் முழுக்க எடுத்தது ஒரு தரம். தம்பிக்கும் வேலை இருக்கிறது, அவன் ஞாயிறு தவறாமல் எடுக்கிறான். ஒப்பிட்டுச் சொல்லவில்லை, அம்மா நாளைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறா, அதற்காகச் சொல்கிறேன்.

பியானோ நன்றாக இருக்கிறது. சித்திரையில் கொழும்பிலிருந்து சுருதி கூட்டுகிற ரியூனர் உதயதேவி ரயிலில் வந்து இரண்டு நாள் நின்று வேலை செய்தார். கம்பியில் துரு ஏறியிருக்கிறது, இந்த உப்புக் காற்றுக்கு இவ்வளவு காலம் தாங்கினதே பெரிது என்றார். ஈரம் ஏறாமல் உள்ளே 25 வாட் பல்பு எரிகிறபடியால்தான் மரம் பிழைத்தது என்றும் சொன்னார். அது அப்பப்பா தொடங்கின பழக்கம். 78 சூறாவளியில் கூரை போன இரவு அவர் பாயையும் படங்கையும் எதன்மேல் முதலில் போட்டார் என்பதை அப்பாச்சி சாகும்வரை சொல்லிக் காட்டினா. நடு எஃப் கட்டை மட்டும் இன்னும் சரியில்லை. ஈரக் காற்று அடித்தால் அழுத்தினது எழும்பாது, நகத்தால் கிளப்பிவிட வேண்டும்.

சரி, சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நான் ஜாஸ் கோர்ட் படிக்கிறேன், அதுதான், நாலைந்து சுரத்தை ஒன்றாகச் சேர்த்து அமுக்குகிற வித்தை.

பங்குனியில் தொடங்கினேன். தம்பியின் பழைய டேப்லட்டைப் புத்தகம் வைக்கிற தட்டில் நிறுத்தி யூடியூப் பார்க்கிறேன். விடிய நாலரைக்கு எழும்பி, அம்மா தேத்தண்ணி ஊற்றும்வரைக்கும். முதல் ஒரு மாதம் எல்லாம் பிழை. சி, ஈ, ஜி, பி, டி என்று ஐந்து சுரத்தையும் இடது கையால் அடியிலே சேர்த்து அமுக்கினேன். மாரியில் வயல் வரம்புக்குள் ட்ராக்டர் இறங்கின சத்தம் வந்தது. கீழே போகப் போகச் சுரங்களை நெருக்கி வைக்கக்கூடாது, நடு சியைச் சுற்றி வைத்தால்தான் வெளிக்கும் என்பது மறுகாதான் விளங்கியது. ஐந்தாம் சுரத்தை விட்டாலும் குறை தெரியாது, மூன்றாவதும் ஏழாவதும்தான் கோர்ட்டின் முகம் என்பதும் அப்படித்தான். உனக்குத் தெரிந்ததுதான் இதெல்லாம். நானும் தெரிந்துகொண்டேன் என்று சொல்கிறேன்.

எனக்குப் பிடி கிடைத்தது டி மைனர் செவன்த் என்கிற கோர்ட்டிலிருந்து ஜி செவன்த், அங்கிருந்து சி மேஜர் செவன்த் என்று வருகிற வழியில். டி மைனரின் மூன்றாவது எஃப், ஏழாவது சி. ஜிக்குப் போகும்போது எஃப் அசையாமல் நிற்கும், சி மட்டும் அரைச் சுரம் இறங்கி பி ஆகும். சிக்கு வரும்போது பி நிற்கும், எஃப் இறங்கி ஈ ஆகும். இதை மெதுவாக வாசித்துக்கொண்டிருந்த ஒரு விடியலில் அந்த எஃப் கட்டை இறுகிவிட்டது. எழும்பவில்லை. ஈயை அழுத்தினேன், எஃப் விடாமல் கூடவே ஒலித்தது. உரசலைக் கேட்டபோதுதான், இதை நான் 1979இலிருந்து பாடகர் குழுவுக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன் என்று பட்டது. நடுக் குரல்களான ஆல்டோவும் டெனரும் நடக்கிற நடைதான் இது. ஒருவர் நிற்க மற்றவர் ஓரடி இறங்குவது. பாயாதே, கிட்ட உள்ள சுரத்துக்கு நட என்று எத்தனை பிள்ளைகளின் காதைத் தின்றிருக்கிறேன்! அதையேதான் இவர்களும் செய்கிறார்கள், கூட இரண்டு சுரம் வைத்து.

அவ்வளவு காலமும் அது வேறு உலகம் என்று இருந்துவிட்டேன். நான் பிறந்த 1958இல் ஜாஸ்காரர் டேவ் புரூபெக் கொழும்புக்கு வந்து வாசித்திருக்கிறார். 1963இல் டியூக் எலிங்டன் தன் குழுவோடு வந்திருக்கிறார். அப்பப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ.

இனி எழுதப்போவதை எழுதத்தான் தாள் எடுத்தேன்.

2009 மார்கழி, கரோல் பயிற்சி. சேர்ச் மண்டபத்தில் பெயின்ற் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று எல்லோரும் நம் வீட்டு ஹோலுக்கு வந்திருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் பிளேன்ரீ கொடுத்து முடித்திருந்தா. நீ பியானோவில். உனக்கு 16 வயது. கடைசிப் பாட்டு முடிந்து ஆமென். "மென்"னில் எல்லோரும் நிற்க, நீ ஒரு கோர்ட் பிடித்தாய். டெனர் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார், சந்தோஷத்தில்தான் சிரித்தார். நான் நடந்து வந்து மூடியைச் சாத்தினேன். நீ கையை இழுத்துக்கொண்டாய். உன் விரலுக்கும் மூடிக்கும் இடையில் இருந்தது ஒரு அங்குலம். "இது ஹொட்டல் வாசிப்பு, ஆண்டவருடைய வீட்டுக்கு வேண்டாம்" என்றேன். ஆண்டவருடைய வீட்டில் கூட நாங்கள் அப்போது இருக்கவில்லை.

பக்திக்காகச் செய்தேன் என்றுதான் நீ இதுவரை நினைத்திருப்பாய். நானும் அம்மாவிடம் அப்படித்தான் சொன்னேன்.

மகள், அந்தக் கோர்ட் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் அதே ஆமெனை வாசித்தவன் நான். நீ என்ன பிடித்தாய் என்று எனக்கு விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தவர்கள் அடுத்து என் முகத்தைப் பார்த்தார்கள், மாஸ்டர் என்ன சொல்லப்போகிறார் என்று. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் சாத்தினேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அன்று இரவு இரண்டு மணியிருக்கும், எழும்பி வந்து, சத்தம் அமுக்குகிற பெடலை மிதித்துக்கொண்டு அதைத் தேடினேன். சியில் தொடங்கி மூன்று மூன்றாக அடுக்கிப் பார்த்தேன். செவன்த், நைன்த், எதுவும் அது இல்லை. உன் அறைக் கதவின் கீழே வெளிச்சம் இருந்தது. திடீரென்று அணைந்தது. நீ கேட்டுக்கொண்டு இருந்தாய், எனக்குத் தெரியும். அப்போது கதவைத் தட்டி, பிள்ளை, அது என்ன கோர்ட் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போய்ப் படுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ சேர்ச்சில் தாளில் உள்ளதை மட்டும் வாசித்தாய், ஒரு சுரம் கூடாமல் குறையாமல். 2016இல் அங்கே போய் முதல் சம்பளத்தில் 88 கட்டைக் கீபோர்ட் வாங்கி வீடியோவில் காட்டினாய். நான் கேட்டது "என்ன விலை?" என்று.

போன ஆனியில் அந்தக் கோர்ட் கிடைத்தது. இடது கையில் வேர்ச்சுரத்தையே, கோர்ட்டுக்குப் பெயர் தருகிற அடிச் சுரத்தையே, வாசிக்காமல் விடுகிற முறை ஒன்று இருக்கிறது, பில் எவன்ஸ் போன்ற ஜாஸ் பியானோக்காரர்கள் 1950களின் கடைசியில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அடிச் சுரத்தை பேஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது. அன்றைக்கு நீ சியைத் தொடவே இல்லை! சியை நம் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிற பேஸ்காரர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். நான் பதினாறு வருஷமாகப் பியானோவில் தேடின அடிச் சுரம் அவர்களுடைய தொண்டையில் இருந்திருக்கிறது. சியை வாயால் முனகிக்கொண்டு மேலே தேடினேன். ஈ, ஏ, டி, ஜி. மூன்று மூன்றாக இல்லை, நாலு நாலாக அடுக்கியிருக்கிறாய். நாலு கட்டையையும் சேர்த்து அழுத்தினேன். ஹோலில் அன்றைய பிளேன்ரீ வாசம் வந்தது போல இருந்தது. சிக்ஸ்-நைன் என்று அதற்குப் பெயராம்.

அதைக் கேள். சந்தோஷத்தில் ஒவ்வொரு கட்டையாகத் திருப்பித் திருப்பி வாசித்துக்கொண்டிருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் பூப்பறித்துக்கொண்டு நின்ற சங்கீத ரீச்சர், "என்ன மாஸ்டர், விடியக் காத்தால மோகனம் வாசிக்கிறீங்க?" என்று கேட்டா. எண்ணிப் பார்த்தேன். சி, டி, ஈ, ஜி, ஏ. ச ரி க ப த. அதேதான்! சியை அவர்கள் பாட, மற்ற நாலையும் நீ பிடித்து, ஐந்து சுரமும் ஒரே நேரத்தில் ஒலித்திருக்கிறது. நாலாம் சுரத்துக்குப் பழந்தமிழ் இசையில் நட்பு என்று பெயர், காரைதீவுச் சுவாமி விபுலானந்தர் யாழ் நூலில் இதையெல்லாம் விளக்கியிருக்கிறார் என்று ரீச்சர் வேலியில் நின்றே அரைமணி நேரம் சொன்னா. 1947இல் வந்த புத்தகம். வாசிக்கக் கொண்டுவந்து தந்திருக்கிறா, எனக்குப் பாதிதான் ஏறுகிறது.

இப்போது கரோல் பயிற்சி மறுபடி தொடங்கிவிட்டது. சின்னப் பிள்ளைகள் உன் புத்தகத்தைத்தான் வைத்துப் பழகுகிறார்கள், நீ பென்சிலால் போட்ட விரல் இலக்கங்களோடு. ஒன்றையும் அழிக்கவிடவில்லை. போன ஞாயிறு ஆமெனில் நான் அந்த நாலு கட்டையையும் பிடித்தேன். பழைய டெனர்காரர் ஒருவர், இப்போது ஊன்றுகோலோடு வருகிறார், முடிந்ததும் கிட்ட வந்து "இது உங்கட மகள் வாசிச்சதெல்லோ" என்றார். ஓம் என்றேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

வாடகை அங்கே ஏறிவிட்டது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். வேலையில் ஏதும் பிரச்சினை என்றால் தம்பியிடமாவது சொல். காணித் துண்டு விற்ற காசில் உன் பங்கு வங்கியில் அப்படியே கிடக்கிறது. எதற்கு என்று கேட்கமாட்டேன், விலை என்ன என்றும் கேட்கமாட்டேன். அந்த மூலையில் உடுப்பு ஸ்டாண்ட் நிற்கட்டும், பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கும் என்று அம்மா சொன்னா. நானும் பார்த்தேன், இருக்கும்.

நேரத்துக்குச் சாப்பிடு. கையுறை போடு. விரல் விறைத்தால் பிறகு நோ எடுக்கும், உன் கை சின்ன வயதிலிருந்தே குளிர்ந்த கை.

ஒன்று கேட்க வேண்டும். "மென்"னைக் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் அதற்கு முன்னால் "ஆ"வுக்கு நீ என்ன பிடித்தாய்? வெறும் எஃப் மேஜர் வைத்தால் அந்த நாலு கட்டைக்கு வருவது மேட்டிலிருந்து குதித்த மாதிரி இருக்கிறது. டி மைனர் செவன்த் வைத்தேன், கிட்ட வருகிறது, ஆனால் அது இல்லை. மேல்குரலான சோப்ரானோ சியில் நிற்கிறது, அதற்குள் ஏதோ ஒரு சுரத்தை நீ அரைச் சுரம் இறக்கினாய், அந்த இறக்கம் மட்டும் காதில் இருக்கிறது. வாசித்துக் காட்ட அங்கே கட்டை இல்லாவிட்டால் சுரங்களை மட்டும் எழுதி அனுப்பு, நான் இங்கே வைத்துப் பார்க்கிறேன். கரோல் ஆராதனைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா