ஐப்பசியில் கடற்குளிப்பு விற்ற கம்பனிக்கு

புதுக்குடியிருப்பு,
முல்லைத்தீவு மாவட்டம்.

முகாமையாளர் அவர்களுக்கு,

பொருள்: முல்லைத்தீவுக் கடற்கரை 'இலையுதிர்கால விடுமுறை'ப் பொதி – பணத்தைத் திருப்பிக் கோருதல்

ஐயா/அம்மணி,

கடந்த ஒக்டோபர் கடைசிக் கிழமை உங்கள் கம்பனியின் ஏற்பாட்டில் முல்லைத்தீவுக் கடற்கரையில் குடும்பமாகத் தங்கினோம். சுவிஸில் இருந்து என் தங்கை, மச்சான், அவர்களுடைய பிள்ளைகள். இங்கிருந்து நானும் மனைவியும் அம்மாவும். பதிவு என் பெயரில் இருக்கிறது. பணம் முழுவதையும் முன்கூட்டியே கட்டினோம்.

கோடை வெக்கை தணிந்த மிதமான தென்திசைக் காலநிலை, அலையடங்கிய கடல், பிள்ளைகள் நாள் முழுக்க நீந்தலாம், பக்கத்து நாயாற்றுக் களப்பில் படகுச் சவாரி, இரவில் மணலில் தீ மூட்டிச் சுட்ட மீன். உங்கள் விளம்பரத்தில் இருந்தவை இவை. ஒக்டோபரில் சுவிஸில் பாடசாலை விடுமுறை என்பதால் தங்கைக்கு அது நன்றாகப் பொருந்தியது.

அந்த வாசகங்களை எழுதியவர் எந்தக் கடலை மனதில் வைத்து எழுதினார் என்று தங்கையைக் கேட்டபோதுதான் விளங்கியது. சுவிஸ் ஆட்கள் அந்த விடுமுறைக்குத் தெற்கே சிசிலிக்கும் கிரேக்கத் தீவுகளுக்கும் போவார்களாம். கோடை முழுக்கச் சூடேறிய மத்தியதரைக் கடல் மெதுவாகத்தான் ஆறும். ஒக்டோபரிலும் தண்ணீர் 22, 23 பாகை இருக்கும். கூட்டம் குறைந்து அறை வாடகையும் இறங்கிவிடும். அந்த ஊர்களுக்கு அதெல்லாம் சரி. எங்கள் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்புத்தான், சூடு இங்கே ஒரு பிரச்சினையே இல்லை. இங்கே குளிக்கலாமா கூடாதா என்பதைக் காற்றும் மழையும் தீர்மானிக்கின்றன.

சோளகம் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் காற்று நிலத்தில் இருந்து கடலுக்குப் போகும். ஜூலை, ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கரை குளம் மாதிரிக் கிடக்கும். சிலாபம் பக்கத்து மீனவர்கள் நாயாற்றில் வாடி (தற்காலிகக் கொட்டில்) போட்டுத் தொழில் செய்வதும் அந்தப் பருவத்தில்தான். ஒக்டோபரில் அவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். அப்புறம் கடலில் இருந்து கரைக்கு அடிக்கும் வாடைக்காற்று. வன்னிக்கு வருடத்தில் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரிக்குள் விழுந்துவிடும். ஐப்பசி அடைமழை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாரி மழையை நம்பிய காலபோக நெல் வயலை விதைத்துவிட்டு நாங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதம் அது. 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. 2020 டிசெம்பர் 2 இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரையேறியது. இந்தக் கரையில் வியாபாரம் செய்கிற உங்களுக்கு இவை புதுச்செய்தியாக இருக்க முடியாது.

இவ்வளவும் தெரிந்த நீ ஏன் போனாய் என்று கேட்பீர்கள். பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஐப்பசியில் எப்படிப் பிள்ளைகளைக் கடலில் இறக்குவது என்று நேரடியாகக் கேட்டேன். பேசிய தம்பி, இந்த முறை மழை பிந்தித்தான் தொடங்கும், கடல் சரியில்லை என்றால் திகதியை மாற்றலாம் அல்லது காசைத் திருப்பித் தருவோம் என்றார். அதையே வட்ஸ்அப்பிலும் எழுதினார். அந்தச் செய்தியின் படத்தை இணைத்திருக்கிறேன். வானிலையை நம்பி நான் காசு கட்டவில்லை, அந்த வாக்கை நம்பித்தான் கட்டினேன்.

போய் இறங்கிய அன்றே மழை. மறுநாள் காலையில் கரைக்குப் போனோம். கடல் மண்ணிறமாகக் கிடந்தது. அலை வந்து விடுதியின் பிளாஸ்டிக் கதிரைகளை இழுத்துக்கொண்டு போக, வேலை செய்கிற பெடியன் பின்னால் ஓடினான். சிவப்புக் கொடி ஒன்று கிடையாது, உயிர்காப்பாளரும் இல்லை. 2004 டிசெம்பர் 26 இந்த ஊரை என்ன செய்தது என்று அம்மாவுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளின் கையை அவர் விடவே இல்லை.

நாயாற்றில் படகோட்டி எங்களைப் பார்த்த பார்வையே போதும். "அண்ணை, இந்த மாசத்தில ஆர் உங்களை இஞ்ச வரச் சொன்னது?" என்று கேட்டார். நான் உங்கள் கம்பனியின் பெயரைச் சொன்னேன். தன்னிடம் யாரும் படகு கேட்டுப் பேசவே இல்லை என்றார். சின்ன மருமகனுக்கு எடுத்துத் தந்த உயிர்காப்பு அங்கியில் ஒரு வார் அறுந்து, நைலோன் நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. அந்த மனிதர் நல்லவர். படகை இறக்கவும் மாட்டேன், காசும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்.

கடலுக்கு ஒருவரும் போகாததால் மீன் இல்லை, மூன்று வேளையும் கோழி. சமையற்காரர் தன்னால் ஆனதைச் செய்தார். கிடுகுக் கூரை ஒழுகியபோது வாளி வைத்த விடுதிப் பெடியன்கள்மேலும் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களை இந்தப் புகாரில் இழுத்துச் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம்.

அங்கிருந்தே திகதியை மாற்றித் தரும்படி கேட்டேன். காலநிலை தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று ஒரு வரிப் பதில் வந்தது. அலை பெரிதாக இருந்தால் கரையில் இருந்து பார்த்து ரசிக்கலாம் என்று இன்னொரு வரியும். மழையை நிறுத்தித் தரச்சொல்லி நான் கேட்கவில்லையே.

முழுப் பணமும் வேண்டாம். படுத்தோம், சாப்பிட்டோம். படகுச் சவாரிக்கும் மணல் விருந்துக்கும் தனியாக வாங்கிய தொகை முழுவதையும், அறை வாடகையில் பாதியையும் பதிவு செய்த வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். அந்த விளம்பரத்தையும் எடுங்கள். மாரியில் விற்க உங்களுக்கு வேறு சரக்கு இல்லாமல் இல்லை: நிரம்பிய குளங்கள், பச்சை வயல், கொக்கிளாய்க்கும் சுண்டிக்குளத்துக்கும் வந்திறங்கும் பறவைகள். அதைச் சொல்லி விற்றால், குடையோடு வருகிறவர்கள் வருவார்கள். கடற்குளிப்பு என்று மட்டும் விற்காதீர்கள்.

இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ஏமாற்றும் விளம்பரம் என்று நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுதுவேன். பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் செய்தி, விளம்பரத்தின் பிரதி, அந்த அங்கியின் படம் ஆகிய நான்கும் இதனுடன் உள்ளன.

இப்படிக்கு,
பதிவு செய்த வாடிக்கையாளர்